கெர்னல் கொன்ஃபிக் ஒப்ஷன்கள்: கொம்பைலர் பார்க்காத வரிதான் முதலில் பழுதாகும்

லினக்ஸின் மையமான கெர்னலில், எந்தப் பகுதியைச் சேர்த்துக் கட்டுவது என்று தெரிவு செய்யும் கொன்ஃபிக் ஒப்ஷன்கள் இப்போது 15 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நீங்கள் எழுதிய ட்ரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் கோட்) உங்கள் மடிக்கணினியில் பிழையின்றி கொம்பைல் ஆனால், எண்ணி முடியாத அந்தச் சேர்க்கைகளில் ஒன்றே ஒன்றில் அது ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் ராஸ்பெரி பை போர்டை வைத்துக்கொண்டு தோட்டத்து மண் ஈரத்தை அளக்கவோ, தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தைப் பார்க்கவோ ட்ரைவர் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் சி மொழியில் தடுக்கி விழுவதில்லை. விழுகிற இடம் இந்தக் கொன்ஃபிக்தான். வேலை செய்துகொண்டிருந்த கோட் இன்னொருவருடைய கணினியில் லிங்க் ஆகாது, அதாவது கொம்பைல் ஆன துண்டுகள் ஒன்றாக இணையாது. அல்லது லிங்க் ஆகி, ஒரு பகுதி சத்தமில்லாமல் காணாமற் போயிருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரு விடயத்தைச் சுற்றியே வரும். எந்த ஒப்ஷன் போட்டாலும், போடாவிட்டாலும், எழுதிய ஒவ்வொரு வரியையும் கொம்பைலர் பார்க்க வேண்டும். தெரிவை, ஒப்ஷன்களை வரையறுக்கும் கேகொன்ஃபிக் கோப்பிலும் ஹெடரிலும் வையுங்கள். சி கோப்புக்குள் அதைச் சிதற விடாதீர்கள்.

வை, எம், என்

கேகொன்ஃபிக் முறை 2002 இல், 2.5.45 கெர்னலோடு வந்தது. ரோமன் ஸிப்பல் எழுதியது. ஒரு ஒப்ஷன் பூல் வகையாக இருந்தால் அதற்கு இரண்டு நிலை: வை (கெர்னலுக்குள்ளேயே இருக்கும்), என் (இருக்காது). ட்ரைஸ்டேட் வகையாக இருந்தால் நடுவில் மூன்றாவதாக எம், அதாவது பிறகு தேவைப்படும்போது ஏற்றப்படும் மொடியூல். புதிதாக வருபவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இந்த எம் நிலையை மறப்பதால்தான் வருகிறது.

கட்டும் கருவியான மேக் ஓடும்போது, நீங்கள் தெரிவு செய்த நிலைகள் இருக்கும் டொட் கொன்ஃபிக் (.config) கோப்பிலிருந்து ஓட்டோகொன்ஃப் என்ற ஹெடர் உருவாகும். இன்க்ளூட் அடைவுக்குள் ஜெனரேட்டட் என்ற உள்ளடைவில் அது கிடக்கும், ஒருமுறை திறந்து வடிவாகப் பாருங்கள். ஹெச்டபிள்யூமொன் (சென்சர் அளவுகளைக் காட்டும் பகுதி) என்ற ஒப்ஷன் வை ஆக இருந்தால் 'கொன்ஃபிக்_ஹெச்டபிள்யூமொன்' 1 என வரையறுக்கப்பட்டிருக்கும். அதே ஒப்ஷன் எம் ஆக இருந்தால் அந்தப் பெயர் அங்கே இருக்கவே இருக்காது. 'கொன்ஃபிக்_ஹெச்டபிள்யூமொன்_மொடியூல்' என்று வாலோடு கூடிய வேறொரு பெயர்தான் இருக்கும். ஆகவே சி கோப்பில் வெறுமனே இஃப்டெஃப் (#ifdef) போட்டு 'கொன்ஃபிக்_ஹெச்டபிள்யூமொன்' இருக்கிறதா என்று கேட்டால், மொடியூலாகக் கட்டும்போது இல்லை என்றே பதில் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்தப் பகுதி மட்டும் கழன்றுபோய்விடும். உபுண்டு, டெபியன் போன்றவை ட்ரைவர்களில் பெரும்பாலானவற்றை மொடியூலாகவே கட்டுவதால், இந்தப் பிழை எழுதியவரின் மேசையில் தெரியாமல் பாவிக்கிறவரின் கையில்தான் வெளிவரும்.

இதற்காகத்தான் கெர்னலில் 'இஸ்_எனேபிள்ட்' என்ற மக்ரோ இருக்கிறது. வை, எம் இரண்டுக்கும் அது 1 தரும், என் நிலைக்கு 0. 'இஸ்_பில்ட்இன்' வை நிலைக்கு மட்டும், 'இஸ்_மொடியூல்' எம் நிலைக்கு மட்டும். நான்காவதான 'இஸ்_ரீச்சபிள்' பற்றிப் பிறகு சொல்கிறோம். அது கவனமாகத் தொட வேண்டிய சாமான்.

இஃப்டெஃப் ஏன் வேண்டாம்

இஃப்டெஃப்புக்குள் கிடக்கும் வரிகளை, கொம்பைலருக்கு முன் ஓடும் ப்ரீப்ரொசெசரே வெட்டி எறிந்துவிடுகிறது. கொம்பைலர் அவற்றைக் கண்ணாலும் காணாது. யாரோ ஒருவர் ஒரு ஸ்ட்ரக்டில் உள்ள புலத்தின் பெயரை மாற்றுவார். உங்கள் வெட்டப்பட்ட வரி பழைய பெயரோடு அப்படியே இருக்கும். இரண்டு வருடம் கழித்து அந்த ஒப்ஷனை ஒருவர் போடும்போது கட்டுமானம் உடையும். இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று எங்கள் ஊரில் சொல்வது கெர்னல் கோட்டுக்கு அப்படியே பொருந்தும்.

'இஸ்_எனேபிள்ட்' மக்ரோவைச் சாதாரண சி மொழி இஃப் நிபந்தனைக்குள்ளேயே போடலாம். அப்போது கொம்பைலர் உள்ளே இருக்கும் வரிகளின் இலக்கணம், வகை, பெயர் எல்லாவற்றையும் பார்க்கும். பார்த்த பிறகு நிபந்தனை 0 என்று தெரிந்தால் அந்தப் பகுதியை முழுதாக நீக்கிவிடும். கெர்னல் வழமையாக ஓ2 என்ற மேம்படுத்தல் மட்டத்தில் கட்டப்படுவதால் இந்த நீக்கம் நடக்கும் என்று நம்பி எழுதலாம். ஓடும் வேகத்திலோ கோப்பின் பருமனிலோ நட்டம் இல்லை.

ஒரு நிபந்தனை இருக்கிறது. உள்ளே அழைக்கப்படும் ஃபங்ஷனின் அறிவிப்பும், தொடப்படும் புலமும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஸ்ட்ரக்டுக்குள் ஒரு புலத்தை இஃப்டெஃப் போட்டு மறைத்திருந்தால், அப்படி ஒரு உறுப்பே இல்லை என்று கொம்பைலர் நின்றுவிடும். நான்கு பைட் மிச்சம் பிடிக்க ஸ்ட்ரக்டுக்குள் இஃப்டெஃப் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆயிரக்கணக்கில் உருவாகும் ஸ்ட்ரக்ட், உதாரணமாக ஒவ்வொரு ப்ரொசெசுக்கும் அல்லது ஒவ்வொரு நெட்வேர்க் பாக்கெட்டுக்கும் ஒன்று என்றால் அது வேறு கணக்கு. அங்கே அது நியாயம்.

எழுத்துப் பிழைக்கும் கவனம் வேண்டும். கேகொன்ஃபிக் கோப்பில் பெயர் வெறுமனே ஹெச்டபிள்யூமொன். சி கோப்பில் அதற்கு முன்னால் 'கொன்ஃபிக்_' சேர வேண்டும். மறந்தாலோ ஒரு எழுத்தைக் கூட்டி அடித்தாலோ 'இஸ்_எனேபிள்ட்' எந்த முறைப்பாடும் இல்லாமல் 0 என்று சொல்லிவிடும். முன்னொட்டு மறந்ததை செக்பாட்ச் ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்கும். எங்குமே வரையறுக்கப்படாத பெயர்களைத் தேட, கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலேயே செக்கேகொன்ஃபிக்சிம்பல்ஸ் என்ற பைதன் ஸ்கிரிப்ட் இருக்கிறது. பாட்ச் (கெர்னலுக்கான உங்கள் மாற்றம்) அனுப்பும் முன் இரண்டையும் ஓட்டுங்கள்.

மின்சேமிப்பு ஃபங்ஷன்கள் தனியாகச் சொல்லத்தக்கவை. சஸ்பெண்ட், ரெஸ்யூம் இரண்டையும் இஃப்டெஃப்புக்குள் மூடி வைப்பது பழைய பழக்கம். மூடாமல் விட்டால், ஒப்ஷன் இல்லாத கட்டுமானத்தில் பாவிக்கப்படாத ஃபங்ஷன் என்று எச்சரிக்கை வரும். 2022 இல் வந்த 5.17 கெர்னலிலிருந்து 'பிஎம்_ஸ்லீப்_பிடிஆர்' என்ற மக்ரோவும், அதனோடு சேர்ந்த புதிய 'டிஃபைன்_சிம்பிள்_டெவ்_பிஎம்_ஓப்ஸ்' மக்ரோவும் இருக்கின்றன. அவற்றைப் பாவித்தால் இஃப்டெஃப்பும் தேவையில்லை, எச்சரிக்கையும் வராது.

ஹெடரில் வைக்கும் ஸ்டப்

ஒரு வசதி இல்லாதபோது அதன் ஃபங்ஷனுக்குப் பதிலாக வெறுமையான ஒன்றை ஹெடரில் வைப்பதுதான் ஸ்டப். அழைக்கிற சி கோப்புக்கு எந்த நிபந்தனையும் தேவைப்படாது. இது நல்ல முறை, ஆனால் மூன்று இடத்தில் சறுக்கும்.

முதலாவது, ஸ்டப்புக்கு ஸ்டாட்டிக் இன்லைன் இரண்டும் வேண்டும். இரண்டையும் விட்டால் அந்த ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பிரதி உருவாகி, பலமுறை வரையறுக்கப்பட்டது என்று லிங்கர் நிற்கும். ஸ்டாட்டிக் மட்டும் போட்டால் பாவிக்கப்படாத ஃபங்ஷன் எச்சரிக்கை கொட்டும். இரண்டாவது, ஒப்ஷன் ட்ரைஸ்டேட் ஆக இருந்தால் ஹெடரிலும் வெறும் இஃப்டெஃப் ஆகாது. எம் நிலையில் ஹெடர் ஸ்டப்பைத் தரும், அதேநேரம் மொடியூலின் சி கோப்பு உண்மையான ஃபங்ஷனைத் தரும். மறுவரையறை என்று உடைந்துவிடும். அங்கே '#இஃப்' போட்டு 'இஸ்_எனேபிள்ட்' கேளுங்கள். மூன்றாவது, ஸ்டப் எதைத் திருப்பித் தருகிறது என்பது. டீபக் தகவல் போன்ற இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற வசதிக்கு 0 தந்தால் போதும். கடிகாரம், மின்வழங்கல் போன்று இல்லாமல் சாதனம் இயங்காது என்றால் பிழை எண் தர வேண்டும். எல்லா ஸ்டப்பும் 0 தந்தால், ஒன்றும் நடக்காமலே எல்லாம் சரி என்று ட்ரைவர் நினைத்துக்கொள்ளும். அந்தப் பிழையைத் தேடி எடுக்க நீண்ட நேரம் மினக்கெட வேண்டும்.

டிபென்ட்ஸ் ஓன், செலெக்ட், அவற்றின் கணக்கு

ஒரு மண் ஈரமானி ட்ரைவரை எடுத்துக்கொள்வோம். ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பு வழியாக சென்சரை வாசிக்கிறது. ஹெச்டபிள்யூமொன் இருந்தால் அதன் வழியாகவும் அளவைக் காட்டும், இல்லாவிட்டாலும் ஓடும். ட்ரைவருக்கு மண்_ஈரம் என்று பெயர் வைப்போம்.

மண்_ஈரம் வை, ஹெச்டபிள்யூமொன் எம் என்று ஒருவர் தெரிவு செய்கிறார். 'இஸ்_எனேபிள்ட்' 1 என்று சொல்லும். ட்ரைவர் கெர்னலின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, அது அழைக்கும் ஃபங்ஷனோ பிறகு ஏற்றப்படும் மொடியூலுக்குள் இருக்கிறது. முழுக் கெர்னல் கோப்பான விஎம்லினக்ஸ் லிங்க் ஆகும் கடைசிக் கட்டத்தில் வரையறுக்கப்படாத பெயர் என்று நிற்கும். கெர்னலில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளில் இதுவும் ஒன்று.

தீர்வு கேகொன்ஃபிக்கில் ஒரே வரி: மண்_ஈரம் ஒப்ஷனின் கீழ், டிபென்ட்ஸ் ஓன் (எதில் தங்கியிருக்கிறது என்று சொல்வது) 'ஹெச்டபிள்யூமொன் || !ஹெச்டபிள்யூமொன்'. பார்த்தால் எப்போதும் உண்மையாகும் அர்த்தமற்ற வரி போலத் தோன்றும். அப்படி நினைத்து 'சுத்தம்' செய்கிறேன் என்று நீக்கிவிடுபவர்களும் உண்டு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் 0, எம் 1, வை 2. 'அல்லது' என்றால் இரண்டில் பெரியது, 'மற்றும்' என்றால் சிறியது, மறுப்பு என்றால் 2 இலிருந்து கழித்தல். ஹெச்டபிள்யூமொன் வை என்றால் 2 உம் 0 உம், பெரியது 2. என் என்றால் 0 உம் 2 உம், மறுபடி 2. எம் என்றால் 1 உம் 1 உம், விடை 1. அதாவது ஹெச்டபிள்யூமொன் மொடியூலாக இருக்கும்போது மட்டும் மண்_ஈரமும் எம் நிலைக்கு மேல் போக முடியாது. ஆபத்தான அந்த ஒரு சேர்க்கையை மட்டும் இந்த வரி தடுக்கிறது. மற்றவை எல்லாம் அப்படியே கிடைக்கும். ஈதர்நெட் ட்ரைவர்கள் நேர ஒத்திசைவுக்கான பிடிபி வசதியோடு இதே சிக்கலில் மாட்டியதால், 2021 இல் 'பிடிபி_1588_குளொக்_ஒப்ஷனல்' என்ற தனி ஒப்ஷனே உருவாக்கப்பட்டது. அதன் உள்ளே இருப்பதும் இதே எண்ணம்தான்.

'இஸ்_ரீச்சபிள்' இதற்கு மாற்று வழி. வை நிலையிலுள்ள கோட்டுக்கு மொடியூல் எட்டாது என்று தெரிந்தால் அது 0 தரும், லிங்க் ஆகிவிடும். ஆனால் ஹெச்டபிள்யூமொன்னையும் ட்ரைவரையும் இரண்டையும் போட்ட ஒருவர், அளவு ஏன் வரவில்லை என்று விளங்காமல் திண்டாடுவார். கட்டும்போது தெரிய வேண்டிய தடையை ஓடும்போது வரும் மௌனமாக மாற்றுவது சரியல்ல என்பது எங்கள் எண்ணம். வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் பாவியுங்கள்.

செலெக்ட் இன்னும் கடுமையானது. அது இன்னொரு ஒப்ஷனை வலுக்கட்டாயமாகப் போடும், அந்த ஒப்ஷனுக்கு என்னென்ன தேவை என்று பார்க்காது. மண்_ஈரம் 'ரெக்மாப்_ஐ2சி' என்பதை செலெக்ட் செய்வது சரியே, ஏனென்றால் அது மெனுவில் தெரியாத, நூலகம் போன்ற ஒப்ஷன். ஆனால் அதற்கு ஐ2சி வேண்டும். ஆகவே மண்_ஈரத்திலும் டிபென்ட்ஸ் ஓன் ஐ2சி என்று எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால், ஐ2சி இல்லாத கொன்ஃபிக்கில் நேரடித் தேவைகள் நிறைவேறவில்லை என்ற எச்சரிக்கை வரும். அதை எச்சரிக்கைதானே என்று விட்டால் சற்று நேரத்தில் கொம்பைல் பிழையாக வந்து நிற்கும். மெனுவில் தெரியும் ஒப்ஷனையும், சொந்தத் தேவைகள் நிறைய உள்ள ஒப்ஷனையும் செலெக்ட் செய்யாதீர்கள். ஒரே ஒப்ஷனைச் சிலர் செலெக்ட், சிலர் டிபென்ட்ஸ் ஓன் என்று கலந்து பாவித்தால் சுழற்சித் தேவை என்ற பிழையும் கிளம்பும்.

புதிய ட்ரைவருக்கு டிஃபோல்ட் வை போட வேண்டாம். உலகத்தில் பெரும்பாலானோரிடம் உங்கள் சென்சர் இல்லை. ராஸ்பெரி பைக்கு மட்டுமான ட்ரைவர் என்றால், அந்த ஆர்க்கிடெக்சர் ஒப்ஷனோடு '|| கொம்பைல்_டெஸ்ட்' சேருங்கள். 2013 இல் 3.11 கெர்னலோடு வந்த ஒப்ஷன் அது. சாதாரண எக்ஸ்86 கணினியிலும் உங்கள் கோட் கொம்பைல் ஆகிப் பார்க்கப்படும்.

டொட் கொன்ஃபிக் கோப்போடு வேலை

கோப்பைக் கையால் திருத்தி ஒரு வரியை வை ஆக்கிவிட்டு மேக் ஓட்டினால், தேவைகள் நிறைவேறாத வரி திரும்ப மறைந்துபோகும். ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள கொன்ஃபிக் கருவியும் தேவைகளைச் சரிபார்ப்பதில்லை. திருத்திய உடனே, விடுபட்டவற்றுக்கு டிஃபோல்ட் போடும் 'மேக் ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்' ஓட்டி, பிறகு கிரெப் செய்து அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒப்ஷன்களின் மெனுத் திரையான மெனுகொன்ஃபிக் திறந்து '/' அழுத்தித் தேடுங்கள். எது எதில் தங்கியிருக்கிறது, யார் செலெக்ட் செய்கிறார்கள் என்று முழுதாகக் காட்டும். '#' இல் தொடங்கி, போடப்படவில்லை என்று சொல்லும் வரிகள் வெறும் குறிப்பு அல்ல. அவற்றை அழித்தால் கேகொன்ஃபிக் அதைப் புதிய ஒப்ஷனாக எடுத்து டிஃபோல்ட் பெறுமதியைப் போட்டுவிடும்.

ராஸ்பெரி பைக்காக வேறு கணினியில் கட்டும்போது, எந்த ஆர்க்கிடெக்சருக்கு, எந்தக் கொம்பைலரால் என்று சொல்லும் ஆர்ச், குரொஸ்_கொம்பைல் இரண்டையும் மெனுகொன்ஃபிக் உட்பட ஒவ்வொரு கட்டளையிலும் கொடுக்க வேண்டும். ஒருமுறை மறந்தால் கொன்ஃபிக் எக்ஸ்86க்கு மாறி, ஏஆர்எம் ஒப்ஷன்கள் எல்லாம் கழன்றுபோகும்.

உபுண்டுவின் கொன்ஃபிக்கை எடுத்து மூலக் கெர்னலைக் கட்டினால், கனோனிக்கலின் சான்றிதழ்க் கோப்பு இல்லை என்று நிற்கும். 'சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ்', 'சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ்' இரண்டையும் வெறுமையாக்குங்கள். 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' அந்த நேரம் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்து மற்றவற்றை வெட்டும். கட்டும் நேரத்தைப் பெரிதும் குறைக்கும், நல்லது. ஆனால் டொங்கிள், பிரிண்டர், யூஎஸ்பி சீரியல் வயர் எல்லாவற்றையும் முதலில் செருகிவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் புதிய கெர்னலில் இன்டர்நெட்டே வராது. பூட் நேரத்தில் மொடியூல்களைக் கொண்டுவரும் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் ஆகும் போர்டில் எஸ்டி கார்ட் ட்ரைவரும் ஈஎக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டமும் வை ஆகவே இருக்க வேண்டும். எம் ஆக இருந்தால் ரூட் ஃபைல்சிஸ்டத்தை ஏற்ற முடியாமல் கெர்னல் பானிக் ஆகி நின்றுவிடும்.

கரண்டும் றேமும்

4 ஜிபி றேம் உள்ள பழைய மடிக்கணினியில் டீபக் தகவலோடு கட்டினால் கடைசி லிங்க் கட்டத்தில் றேம் முடிந்து லிங்கர் கொல்லப்படும். 'டீபக்_இன்ஃபோ_நன்' தெரிவு செய்யுங்கள். வட்டிலும் பல ஜிபி மிஞ்சும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடும் என்று மேக்குக்குச் சொல்லும் -ஜே எண்ணையும் 2 அளவில் வையுங்கள். யாழ்ப்பாண வெயிலில் மின்விசிறி அடைத்த மடிக்கணினி சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஜே எண்ணைக் கூட்டி லாபமில்லை.

கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் முழுதாக நம்ப வேண்டாம். வட்டில் எழுதப்படாமல் 0 பைட்டில் நின்ற ஒப்ஜெக்ட் கோப்புகளை மேக் முடிந்தவையாகவே எடுத்துக்கொள்ளும். ஃபைண்ட் கட்டளையால் 0 பருமனுள்ள ஒப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டுத் தொடருங்கள்.

ஒரு ஒப்ஷனை மாற்றினால் முழுக் கெர்னலும் திரும்பக் கட்டப்படும் என்ற பயம் தேவையில்லை. ஃபிக்ஸ்டெப் என்ற சிறிய நிரல் ஒவ்வொரு கோப்பும் எந்தெந்த 'கொன்ஃபிக்_' பெயரைச் சொல்கிறது என்று எழுத்தாகத் தேடி வைத்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும் கோப்புகள்தான் திரும்பக் கட்டப்படும். இதனால் இரண்டு விளைவு. பரவலாகச் சேர்க்கப்படும் ஹெடரில் உங்கள் ஒப்ஷன் பெயரைப் போட்டால், அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான கோப்புகள் திரும்ப ஓடும். மறுபக்கம், '##' போட்டு ஒப்ஷன் பெயரை மக்ரோவில் ஒட்டி உருவாக்கினால் ஃபிக்ஸ்டெப்புக்கு அது தெரியாது, மாற்றினாலும் பழைய ஒப்ஜெக்ட்டே நிற்கும்.

சேர்க்கைகளைச் சோதித்தல்

மண்_ஈரத்துக்கு மூன்று நிலை, ஹெச்டபிள்யூமொன்னுக்கு மூன்று நிலை, மொத்தம் 9. கேகொன்ஃபிக் வரி ஒன்றைத் தடுப்பதால் 8 மிஞ்சும். ட்ரைவர் என் ஆக இருப்பவற்றை விட்டால் 5. இவற்றைக் கையாலேயே கட்டலாம். மேக் கட்டளையில் ஓ= (வெளியீட்டு அடைவு) போட்டு ஒவ்வொன்றுக்கும் தனி அடைவு வையுங்கள், அப்போது கொன்ஃபிக்குகள் ஒன்றோடொன்று கலக்காது. மூல அடைவில் ஏற்கெனவே கட்டியிருந்தால் முதலில் கட்டியவற்றைத் துடைக்கும் 'மேக் எம்ஆர்ப்ரொப்பர்' ஓட்ட வேண்டும், அது அங்கிருக்கும் டொட் கொன்ஃபிக்கையும் அழிக்கும். பிரதி எடுத்து வையுங்கள். மிகச் சிறிய கொன்ஃபிக்கான டைனிகொன்ஃபிக்கில் தொடங்கி, தேவையான சில வரிகளை மட்டும் ஒரு துண்டுக் கோப்பில் எழுதி மெர்ஜ்_கொன்ஃபிக் ஸ்கிரிப்டால் சேர்த்தால் ஒவ்வொரு கட்டுமானமும் கெதியாக முடியும். கேட்ட பெறுமதி கடைசிக் கொன்ஃபிக்கில் வரவில்லை என்று அந்த ஸ்கிரிப்ட் சொன்னால் தேவை ஒன்று விடுபட்டிருக்கிறது.

ஒரு அடைவை மட்டும் கட்டுவது கொம்பைல் பிழைகளைக் காட்டும், லிங்க் பிழையைக் காட்டாது. வை-எம் சிக்கலைப் பிடிக்க விஎம்லினக்ஸ் வரை போகத்தான் வேண்டும். பிறகு, முடிந்ததையெல்லாம் எம் ஆக்கும் ஓல்மொட்கொன்ஃபிக்கையும், எழுமாறாகத் தெரிவு செய்யும் சில ரண்ட்கொன்ஃபிக்குகளையும் கட்டிப் பாருங்கள். ஓல்மொட்கொன்ஃபிக்கில் 2021 இல் வந்த 'வெரர்' ஒப்ஷன் போடப்பட்டு எச்சரிக்கைகளும் பிழைகளாக நிற்கும். ரண்ட்கொன்ஃபிக் ஓடும்போது 'கேகொன்ஃபிக்_சீட்' என்று ஒரு எண் அச்சாகும். உடைந்தால் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், அதே எண்ணைக் கொடுத்தால் அதே கொன்ஃபிக் திரும்ப வரும்.

பாட்ச் அனுப்பியபின், அனுப்பியவற்றைத் தானாகக் கட்டிப் பார்க்கும் கெர்னல் டெஸ்ட் ரோபோவிடமிருந்து நீங்கள் கேள்விப்படாத ஒரு ஆர்க்கிடெக்சரில் உடைந்தது என்று மின்னஞ்சல் வரலாம். பிழை வந்த கொன்ஃபிக்கையும் அது சேர்த்தே தரும். அந்தக் கோப்பைத் தனி ஓ= அடைவில் டொட் கொன்ஃபிக்காக வைத்து, அது சொல்லும் கொம்பைலரோடு ஓல்ட்டெஃப்கொன்ஃபிக் ஓட்டி, பிழையை உங்கள் திரையில் கண்ட பிறகே திருத்தத் தொடங்குங்கள். திருத்தம் பெரும்பாலும் கேகொன்ஃபிக்கில் ஒரு வரியாகவே இருக்கும். எந்தச் சேர்க்கையில் உடைந்தது, அந்த வரி அதை எப்படித் தடுக்கிறது என்பதை கொமிட் செய்தியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதை அர்த்தமற்ற வரி என்று நீக்கிவிடுவார்.